ஏழாம் இலக்க வாக்குச்சீட்டு

ஒஸ்லோவில் அருட்செல்வத்தை அருட்செல்வம் என்று கூப்பிடுகிறவர்கள் வங்கிக்காரரும் வைத்தியரும் மட்டுந்தான். தமிழருக்கு அவர் மாஸ்ரர். யாழ்ப்பாணத்து ரியூட்டரி ஒன்றில் எட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவர். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தார். அந்த நாட்டின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் மூன்று வருடம் மீன் வெட்டினார். பிறகு தலைநகருக்கு இறங்கி, ஒரு துப்புரவு நிறுவனத்தில் வாளி தூக்கத் தொடங்கி, பத்து வருடத்தில் மேற்பார்வையாளரானார். ஒன்பது தமிழர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். எவர் எந்தக் கட்டடத்துக்கு, எத்தனை மணிக்கு என்ற அட்டவணையைப் போடுகிறவர் அவர்தான்.

சோக்கட்டியைக் கீழே வைத்து இருபது வருடமாகியும் மனிசனை வகுப்பு விடவில்லை. தேநீர் இடைவேளை கிடைத்தால் போதும், பிரித்தானியாவின் சாசன இயக்கத்தைத் தொடங்கிவிடுவார். தொழிலாளரின் ஆறு கோரிக்கைகளையும் விரல் மடக்கிச் சொல்லுவார். ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு, சொத்தில்லாதவனும் பாராளுமன்றம் போகலாம், போனால் சம்பளம், சமமான தொகுதிகள். ஒரு கை முடிந்துவிடும். வருடத்துக்கொரு பாராளுமன்றம் என்று சொல்ல மற்றக் கையை எடுப்பார். முப்பது இலட்சம் பேர் கையெழுத்து வைத்த மனு வாசலுக்குள்ளால் போகாமல் அதைப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோன கதைக்கு வந்தால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். கேட்கிறவர்கள் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டு தலையாட்டுவார்கள்.

இப்படிப்பட்ட மனிசன்தான் 2007 செப்டெம்பரில் அந்த வேலையைச் செய்தார்.

நகரசபைத் தேர்தல். ஒரு கட்சியின் பட்டியலில் யேசுரட்ணம் என்ற தமிழர் எங்கேயோ கீழே இருந்தார். இந்த நாட்டில் கட்சிக்காரர் தங்கள் வாக்குச்சீட்டை வீதியிலேயே கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், விரும்பிய பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போட்டு, அதையே மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போடலாம். மாஸ்ரர் ஒன்பது சீட்டு வாங்கிவந்து, குசினி மேசையில் பரப்பி, ஒன்பதிலும் யேசுரட்ணத்துக்குத் தானே புள்ளடி போட்டார். அத்தோடு விட்டாரா? சோதனைத் தாளுக்குச் சுட்டெண் போடுகிற பழக்கத்தில், மூலையில் பென்சிலால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கமும் போட்டார். மாறிவிடக் கூடாதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாறுவதற்கு என்ன இருக்கிறது? ஒன்பதும் ஒரே சீட்டு.

"யோசிக்க ஒண்டுமில்லை, மடிச்சபடி போட்டிட்டு வாங்கோ" என்று கொடுத்தார். அட்டவணை தருகிற கை தந்ததால் ஒன்பது பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏழாம் இலக்கம் புஷ்பமலருடையது. முப்பத்துநாலு வயது, அதிகம் கதைக்காத பெண். வீடும் ஒஸ்லோவின் ஒரு தொங்கலிலுள்ள ஸ்டோவ்னரில், வேலையும் ஸ்டோவ்னரில். கணவருக்குத் தூரத்தில் திராமன் நகரத்தில் வேலை என்பதால் விடியமுன்னமே போய்விடுவார். இவள் மூன்று வயது மகளைப் பார்னஹாகே என்கிற பாலர் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு எட்டு மணிக்கு வேலைக்கு வருவாள். அந்த எட்டு மணியை அவளுக்குப் பார்த்துப் போட்டுக் கொடுத்தவரும் மாஸ்ரர்தான். அதைப் பொல்லாதவர் செய்யமாட்டார்.

வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூட மண்டபத்தைத் துப்புரவாக்கும் வேலை மறுநாள் அவருடைய நிறுவனத்துக்கே வந்தது. ஆள் குறைவு என்று மாஸ்ரரும் போனார். திரைத்தடுப்புக்குப் பக்கத்திலிருந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோது மடித்த சீட்டு ஒன்று விழுந்தது. விரித்தார். தன்னுடைய புள்ளடி. மூலையில் ஏழு. திரைக்குள்ளே அடுக்கிவைத்திருக்கிற சீட்டுகளில் வேறொன்றை எடுத்துப் போட்டிருக்கிறாள்.

அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாத அட்டவணையில் புஷ்பமலரின் பெயர் மோர்டென்ஸ்ருட்டுக்கு நேரே இருந்தது. நகரத்தின் மற்றத் தொங்கல், காலை ஆறு மணி.

"மாஸ்ரர், பிழையா விழுந்திட்டுதோ?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை. வேலை அப்பிடி."

"ஆறு மணிக்குப் பார்னஹாகே திறக்காது, மாஸ்ரர்."

"எல்லாருக்கும் கஷ்டந்தான்" என்று வாளியைப் பார்த்துச் சொன்னார். அவள் மகளைப் பக்கத்து வீட்டில் நித்திரையோடு விட்டுவிட்டு முதல் ரயில் பிடிப்பதாக மாஸ்ரரின் மனைவி ஜெயகுமாரி ஒருநாள் சொன்னபோதும், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். யேசுரட்ணம் தெரிவாகவில்லை. புஷ்பமலர் ஒருத்தியால் அவர் தோற்கவுமில்லை, அவர் தோல்வி பெரிய தோல்வி.

நவம்பரில் மாஸ்ரரின் மகள் மிதுனா, பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், வரலாற்று ஒப்படைக்குச் சாசன இயக்கத்தை எடுத்தாள். மாஸ்ரருக்குத் தலைகால் புரியவில்லை. வேலையால் வந்து சட்டை மாற்றாமல் மேசைக்கு வந்து இருந்துவிடுவார். அவள் நோர்வேஜிய மொழியில் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்ல இவர் திருத்துவார்.

"முந்தி எல்லாருக்கும் முன்னாலை நிண்டு ஆருக்கெண்டு சொல்லித்தான் வோட்டுப் போட வேணும், என்னப்பா?"

"ஓம், ஓம். அதை வடிவா எழுது."

"1868 தேர்தலுக்குப் பிறகு வேல்ஸிலை, தங்கடை ஆளுக்குப் போடாத குத்தகைக்காரரைச் சில நிலச்சொந்தக்காரர் காணியாலை எழுப்பிப் போட்டினம். 1872இலைதான் இரகசிய வாக்கு வந்தது. சரியோ?"

மாஸ்ரர் இந்த வேல்ஸ் கதையை எத்தனை வருடம் சொல்லியிருப்பார். குத்தகைக்காரனுக்காக எத்தனை தரம் குரல் உயர்த்தியிருப்பார்.

"அவைக்கு வெக்கமா இருந்திராதோ, அப்பா?"

"பிழையெண்டு தெரிஞ்சிராது, பிள்ளை."

"ஏன், அவை படிக்காத ஆக்களோ?"

பிள்ளை சும்மாதான் கேட்டாள். அவருக்குக் காது சுட்டது. மேசையில் கிடந்த கையைக் கீழே எடுத்தார். அதே மேசை, புள்ளடி போட்ட அதே மேசை. ஒரு சீட்டுக்காக ஒரு தாயை இருட்டில் நகரத்தின் மற்றப் பக்கத்துக்கு ஓடவைத்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. கூடாதென்று தெரியாமல் செய்தவனுக்கு ஒரு மன்னிப்பு இருக்கிறது. இவர் அதைப் பாடமாக்கிப் படிப்பித்தவர்.

மறுநாள் அட்டவணையை மாற்றினார். ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம், ஆனால் தானே கொண்டுபோனார். ரயில் மோர்டென்ஸ்ருட் போய்ச் சேர ஒரு மணித்தியாலம். இதைத்தான் அவள் இரண்டு மாதமாக, காலையிலும் பின்னேரத்திலும், போய்வந்திருக்கிறாள் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நினைத்தார்.

புஷ்பமலர் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நிமிர்ந்து நின்றாள். தாளை நீட்டினார்.

"ஸ்டோவ்னரோ?" என்றாள்.

"ஓம். திங்கள் தொடக்கம். எட்டு மணிக்கு." பிறகு, வரும்போது ரயிலில் சேர்த்துவைத்த வசனமெல்லாம் மறந்துபோய், "நான் பெரிய பிழை விட்டிட்டன், பிள்ளை. அந்தச் சீட்டை நான் குப்பைக்குள்ளை கண்டனான். அதுக்காகத்தான் உம்மை இஞ்சை போட்டனான். மன்னிச்சுக்கொள்ளும்" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "சரி, மாஸ்ரர்" என்றாள். முகத்தில் பெரிய கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

அந்த இடத்தில் அவர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவுந்தான் செய்தார். இரண்டு படி இறங்கினார். பிறகு, பல நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வாயால் வந்துவிட்டது.

"அப்ப ஆருக்குத்தான் போட்டனீர்?"

துடைக்கிற சத்தம் நின்றது. அவள் கையை உடுப்பில் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அவருக்கு நேரே நீட்டினாள்.

"அதைச் சொன்னாத்தான் எட்டு மணி எண்டால், நான் இஞ்சையே நிக்கிறன், மாஸ்ரர்."

வேண்டாம், வேண்டாம் என்று அவர் இரண்டு கையாலும் தடுத்தார். அவள் உடனே கையை மடக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கி முடியும்வரை அந்தத் தாளை நீட்டியபடியே நின்றாள்.