நெல்லா, ரூபாயா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றேன். ஓட்டுக் கேட்க அல்ல... நாற்று நட ஆள் கேட்க!

எனக்குத் தாழக்குடிப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ் குமாஸ்தா. ஏழாம் நாள் விவசாயி. மாசியில் அறுக்கும் கும்பப்பூப் பயிருக்கு ஐப்பசியில் முடிந்திருக்க வேண்டிய நடவு, கார்த்திகை பிறந்தும் தொடங்கவில்லை. மழை ஏய்த்துவிட்டது. குளம் வறண்டு கிடந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே வந்தது. இன்னும் நாலு நாள் போனால் கணு விட்டுவிடும் — பிறகு மாட்டுக்குத்தான் ஆகும்.

நடவு தாமதம் என்றதும் கோட்டார் சந்தைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மாசி அறுப்பு குறையும் என்று வியாபாரிகள் நெல் மூட்டைகளை உள்ளே தள்ளினார்கள். காலையில் கேட்ட விலை மத்தியானம் இல்லை.

சனிக்கிழமை மலையில் மழை கொட்டிக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. ஒரே நாளில் எல்லா ஊருக்கும் ஆள் வேண்டும்!

எங்கள் பக்கத்து நடவுப் பெண்களுக்குத் தலைவி செல்லம்மை. கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே பேசினாள்.

"நாளைக்கே வாறோம் அண்ணாச்சி. கூலிய நெல்லாத் தரணும்."

"நெல்லுக்கு எங்க போவேன்? ரூபாயாத் தாறேன். போன தடவ அளந்த நெல்லோட வெலையவிடக் கூடவே தாறேன்."

"ரூவாய உலையில போட முடியுமா? கோட்டாருக்குக் கொண்டு போனா ஒருநேரக் கஞ்சிக்குக் காணாது."

"இப்போ எல்லாரும் ரூபாதானே குடுக்காங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்திரை நடவுல நெல்லு மலிஞ்சு கெடந்துது. பிள்ளையளுக்குத் துணி எடுக்கணும், ரூவாயாத் தாங்கன்னு கேட்டோம். வழக்கம் நெல்லுதான்னு அளந்துட்டீங்க. இப்போ நெல்லு வெல ஏறினதும் வழக்கம் மாறிப் போச்சா?"

குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் சங்கடம். திட்டியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம்.

நெல் இல்லாமல் இல்லை. சர்க்கார் கொள்முதலுக்கு அளந்தது போக, மாசி வரை நாங்கள் சாப்பிடப் பத்தாயத்தில் கொஞ்சம் கிடந்தது. அதில் கை வைக்க வேண்டும். மனைவி சத்தம் போடுவாள் என்று பயந்துகொண்டே வீட்டில் சொன்னேன்.

"அவ கேட்டதுல என்ன தப்பு? சித்திரையிலயே நான் சொன்னேன், கேட்டியளா?" என்றாள். "அளந்து குடுங்க. நாம ஒருநேரம் மரச்சீனிக் கெழங்கு தின்னா கொறஞ்சு போக மாட்டோம்."

திங்களும் செவ்வாயும் லீவு போட்டேன். பதினான்கு பேர் வயலில் இறங்கினார்கள். முற்றிய நாற்று அதிகம் கிளைக்காது என்று குத்துக்கு இரண்டு நாற்று கூட்டி, நெருக்கி நட்டார்கள். நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. செவ்வாய் சாயங்காலம் கடைசி வரப்பு வரை பச்சை. ரூபாய்தான் தருவேன் என்று அடம் பிடித்த பக்கத்து வயல்காரரின் நாற்று, நாற்றங்காலிலேயே மஞ்சளித்து நின்றது.

கூலி நெல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டே செல்லம்மை கேட்டாள்.

"வாற சித்திரையில நெல்லு மலிஞ்சா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"நீங்க எதக் கேக்கியளோ அதத் தருவேன்."

"பாப்போம்," என்று சிரித்தாள்.

அவள் நம்பவில்லை. ஆகவேதான் பத்திரிகையில் எழுதிவிட்டேன் — அச்சில் ஏறியதை இனி நான் எப்படி இல்லையென்பது?