புளிப்பு தெரியாத மூக்கு

மோப்பம் போய்விட்டது என்பதை ஒருவன் எதைக் கொண்டு அறிவான்? கண் போனால் இருட்டு தெரியும். மூக்கு போனால் எதுவும் தெரிவதில்லை.

பட்டப்படிப்பு முடித்தபின், மார்த்தாண்டத்திற்குத் தெற்கே பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்தேன். பல வீட்டு அக்கானியையும், அதாவது பதநீரையும், ஒரே கொப்பரையில் ஊற்றிக் கருப்பட்டி காய்ச்சுவோம். பனையில் கட்டும் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துவிடும். அப்படி ஒரு பானை கலந்தாலும் பாகு இறுகாது. அத்தனை வீட்டாரின் அன்றைய உழைப்பும் பாழ். ஆகவே பானைகளை முகர்ந்து பார்க்கும் பொறுப்பை, அவ்வூரில் எவருக்கும் உறவினன் அல்லாத என்னிடம் விட்டிருந்தார்கள்.

அந்தப் பருவத்தில் ஊரெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் நானும் படுத்து எழுந்தேன். வேலைக்குத் திரும்பிய காலை, ஒரு பானையை முகர்ந்துவிட்டு ஊற்றச் சொன்னேன். காய்ச்சும் பெண் கையால் மறித்தாள்.

“சாரே, ஒருக்கக்கூடி மணந்து பாருங்க.”

“நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாவா? இங்க நிக்க எனக்கே புளிச்ச வாடை அடிக்கி.”

அந்தப் பானையைக் கொண்டுவந்தவள் குனிந்து முகர்ந்தாள். “உள்ளதுதான். வீட்டுல அவருக்கும் காய்ச்சலாக்கும். சுண்ணாம்பு சரியாத் தேய்க்கல்ல போல.” பானையைத் தூக்கிப்போய் வாழையடியில் கவிழ்த்தாள்.

காய்ச்சும் பெண் தன் சோற்றுச் சட்டியிலிருந்த சுட்ட கருவாட்டை என் மூக்கருகே நீட்டினாள். “இது மணக்கா?”

“இல்லை.”

“அப்போ சாரு எங்க வீட்டுல சாப்பிடலாம். கறியக் குத்தம் சொல்லமாட்டாரு.” கொட்டகையே சிரித்தது.

வீடு வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பூண்டு நாக்கில் எரிந்தது, வாசனை இல்லை. கற்பூரம் மூக்கினுள் குளிர்ச்சியாக மட்டும் ஏறியது. காப்பி, வெறும் கசப்பான வெந்நீர். இவை வியப்பாக இருந்தன. ஆனால் எங்கள் சோதனை முறைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வாடை வராத பானை நல்ல பானை என்பதே விதி. மோப்பமற்றவனுக்கு எல்லாப் பானையும் தேறிவிடும். அவன் குறையும் வெளியே தெரியாது. காய்ச்சல் நாளை வேறொருவர் மோப்பத்தையும் பறிக்கலாம். இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன்.

சில மாதங்களில் மல்லிகையின் மணம் மங்கலாகத் திரும்பியது. புளித்த வாடை மட்டும் என் மூக்குக்குத் திரும்பவே இல்லை. அக்கூட்டத்திற்குப் பிறகு, ஒவ்வொரு பானையையும் வேறு வீட்டுப் பெண்கள் இருவர் முகர்ந்த பின்னரே கொப்பரையில் ஊற்றினார்கள்.