வான் கதவும் மூன்று ‘திருப்தி’யும்

1. கயிறு

இருபத்தாறு வருடம் வாகனக் கொம்பனி ஒன்றின் சேர்விஸ் கவுன்டரில் இருந்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் கல்முனைக் கிளையில். வாகனம் கேற்றுக்குள் வரும் சத்தத்தை வைத்தே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் மண் விழுந்தது ஒரு கதவால். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

அன்சார் காக்கா (இந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்) சாய்ந்தமருதில் ஸ்கூல் வான் ஓடுகிறவர். பழைய வானைக் கொடுத்துவிட்டு எங்களிடம் புது வான் எடுத்தார். மூன்றாம் வாரமே, பிள்ளைகள் ஏறி இறங்கும் பக்கக் கதவு ஓட்டத்தில் தானாகத் திறக்கத் தொடங்கியது. எங்கள் மெக்கானிக் பூட்டைத் தட்டி, கிரீஸ் பூசி அனுப்பினார். பூட்டு செட்டையே வொரண்டியில் மாற்ற வேண்டும் என்று நான் கொழும்புக்குக் கம்ப்ளெய்ன் போட்டேன். பூட்டு வரவில்லை. அவர் திரும்ப வந்தார், நானும் திரும்பப் போட்டேன். இப்படி மூன்று தடவை. கொழும்பு என்றால் சுணங்கும்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலாம் தடவை அவர் சேர்விஸ் பக்கம் வரவில்லை. ஷோரூம் கண்ணாடிக்கு முன்னால் வானைக் குறுக்காக நிறுத்தினார்.

“வெளிய வாங்க சேர். ஒண்டு காட்டணும்.”

கதவின் கைப்பிடியிலிருந்து சீட்டின் கால்வரை நைலோன் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது.

“நான் வானா வாங்கின, ஆட்டுக்கூடா வாங்கின? ஒவ்வொரு புள்ளையும் இறங்கக்குள்ள நான் எறங்கி வந்து கயிறு அவுக்கணும். இதக் கண்டுபோட்டு ரெண்டு உம்மாமார் புள்ளைகள நிப்பாட்டிட்டாங்க. மத்தவங்களும் நிப்பாட்டினா என்ட தொழில் முடிஞ்சி. அது போகட்டும். ஒரு புள்ள வெளிய உழுந்தா நான் ஆருக்கு முகம் கொடுக்கிற?”

உள்ளே கூட்டி வந்து கம்பியூட்டரைத் திறந்தேன்.

2. திருப்தி, திருப்தி, திருப்தி

மூன்று கம்ப்ளெய்னும் மூடப்பட்டிருந்தன. மூன்றிலும் ஒரே குறிப்பு: வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி.

நான் திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கயிறு கட்டி வான் ஓடுகிற மனிதர் எதற்குத் திருப்தி என்று சொல்கிறார்?

“காக்கா, கொழும்பில இருந்து உங்களுக்கு மூணு தரம் கதைச்சிருக்காங்க.”

“எனக்கு ஒரு கோலும் வரல்ல.”

“எல்லாம் சரி எண்டு நீங்க சொன்னதா இரிக்கி.”

“வல்லாஹி, நான் சொல்லல்ல. எனக்குச் சிங்களமும் வராது சேர். அவங்க கதைக்கத் தொடங்கினா நான் போனை வெச்சிருவன்.”

நடுவில் என் மேசை லாச்சிக்குள் இருந்த கவுன்டர் போன் அடித்தது. எடுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தேன். அவர் அதுவரை பொறுமையாக இருந்தார். அடுத்து நான் கேட்டதுதான் அந்த நாளின் பெரிய பிழை.

“வீட்டில ஆரும் எடுத்து, தெரியாம ஓம் எண்டு சொல்லியிருப்பாங்களோ?”

அவர் முகம் மாறிப்போனது. எழுந்து போனார். வெளியே கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வானை எடுத்ததைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன். வாடிக்கையாளர் பிரிவில் இருந்த பிள்ளை அடித்துச் சொன்னாள், மூன்று தடவையும் ஓர் ஆண் குரல்தான் எடுத்தது, நல்ல சிங்களத்தில் எல்லாம் சரி என்று சொன்னது என்று. அன்சார் காக்காவுக்குச் சிங்களம் வராது. அவர் வீட்டில் அவரை விட்டால் வேறு ஆணும் இல்லை. நான் தமிழில் குழம்பினேன், அவள் சிங்களத்தில் குழம்பினாள். மனிதர் பொய் சொல்கிறாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

3. லாச்சி

மூன்று நாள் கழித்து வந்தார். கோபம் தணிந்து களைப்பாக இருந்தார்.

“நீங்க சொன்ன கதைய நான் வீட்ட கேட்டுப்போட்டன் சேர். ‘என்ன நம்பல்லயா?’ எண்டு கேட்டா என்ட பொஞ்சாதி. மூணு நாளா என்னோட கதைக்கிறல்ல. சோறு மட்டும் வெக்கிறா.”

அவரை உட்கார வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே கொழும்புக்கு எடுத்தேன். அதே பிள்ளைதான். “நீங்கள் பைலில் இருக்கிற நம்பருக்கு இப்போதே எடுங்கள். ஆள் என் முன்னால் இருக்கிறார், அவரே பேசட்டும்” என்றேன். அவள் சரி என்று வைத்தாள்.

அன்சார் காக்கா தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடித்தது என் லாச்சி.

எனக்கு உடனே விளங்கவில்லை. மூன்றாவது மணியோசைக்குத்தான் உச்சந்தலையில் அடித்தது போல் எல்லாம் சேர்ந்து விளங்கியது. கிளை திறந்த காலத்தில் நான் செய்த ஏற்பாடு அது. கொழும்பிலிருந்து திருப்தியா என்று கேட்டு வரும் அழைப்பு எல்லாம் சிங்களத்தில் வரும். இறக்காமத்து வயல்காரரும் பாலமுனை மீன்காரரும் மிரண்டுபோய் வெட்டிவிடுவார்கள். கிளைக்குப் புள்ளி குறையும். ஆகவே, சிங்களம் வராத ஆட்கள் நிரப்பும் போமில் கவுன்டர் போன் நம்பரை எழுதச் சொன்னேன். நான் அவர்களிடம் கேட்டு, அவர்களுக்காகப் பதில் சொல்வதாக ஏற்பாடு.

முதல் வருடம் கேட்டுத்தான் சொன்னேன். பிறகு கவுன்டரில் ஆள் நெருக்கும்போது, வாகன நம்பரைக்கூடக் காதில் வாங்காமல், “ஒக்கம ஹொந்தாய்” என்று சொல்லிவிட்டு வைக்கப் பழகினேன். எல்லாம் நல்லாயிருக்கு என்று அர்த்தம். கொழும்புப் பிள்ளை சொன்ன அந்த நல்ல சிங்களம் என்னுடையதுதான்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் லாச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எடுங்க சேர்” என்றார். “நான் திருப்தியா எண்டு கேக்கப் போறாங்க.”

எடுத்தேன். நானே இதுவரை பதில் சொன்னவன் என்றும், ஆள் திருப்தியாக இல்லை, கதவு ஓட்டத்தில் திறக்கிறது, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பிள்ளை பூட்டை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்சார் காக்கா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் பாரம் குறைந்திருக்கும்.

“எனக்கு ஒண்டும் சொல்ல வேணாம். என்ட பொஞ்சாதிக்கு எடுத்துச் சொல்லுங்க” என்று தன் போனில் நம்பரைப் போட்டு நீட்டினார்.

“ராத்தா, நான் வான் கொம்பனி ஆள் கதைக்கிறன்” என்று தொடங்கினேன். “போன்ல ஓம் எண்டு சொன்னது நான்தான். உங்கள்ல ஒரு குத்தமும் இல்ல. மாப்பு செய்யுங்க.”

“அது சரி தம்பி. இப்ப கதவு பூட்டுப்படுதா?”

“இன்னும் இல்ல ராத்தா.”

“அப்ப ஏன் எடுத்தீங்க?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

இரண்டாம் நாள் பூட்டு வந்தது. மாட்டிய பிறகு நானே வானில் ஏறி மருதமுனை வரை போய், மேடு பள்ளமெல்லாம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். நின்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்ப வந்தது, மற்றது வரவில்லை. புதுப் போமில் தன் நம்பரை அன்சார் காக்கா தானே எழுதினார். எழுதியதை என்னை வாசிக்கச் சொல்லியும் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க, கவுன்டர் நம்பர் எழுதிய பைல்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொருவரின் சொந்த நம்பரையும் தேடிப் பிடித்து அழைத்தேன். இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான். திருப்தியா என்று யாரிடமும் கேட்காதீர்கள். கதவு பூட்டுப்படுகிறதா என்று கேளுங்கள், அதையும் அந்தக் கதவோடு போகிறவரிடமே கேளுங்கள்.