திக்காமல் பேசிய நாள்

எனக்குத் திக்குவாய். வீட்டில் திக்காது. தொழுகையில் திக்காது. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில், வந்தவரிடம் ஒரு புடவையின் விலையைச் சொல்லத் தெரியாமல் வளர்ந்தவள் நான் ஒருத்திதான். டிப்ளமோ முடித்ததும் கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இயந்திரத்தோடு பேச வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாம் வருடம் என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் என்றால் தினமும் காலையில், ஷிப்ட் தொடங்கும் முன், நாற்பது பேர் எதிரே நின்று ஐந்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும். கம்பெனி பஸ் புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டும்போதே அன்று பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பிப்பேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூசா நபி கேட்ட துஆவை ஓதத் தொடங்குவேன். கொடிய அரசன் முன்னால் பேசப் போகுமுன் அவர் இறைவனிடம் கேட்டது அது. நெஞ்சை விரிவாக்கு, காரியத்தை லேசாக்கு, நாவில் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடு, என் பேச்சு அவர்களுக்கு விளங்கட்டும். அவ்வளவுதான் அதன் பொருள். எனக்கு முடிச்சு அவிழ்ந்தால் போதும். மற்றதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்த அக்கா ஒருவர் எப்போதும் முதல் வரிசையில் நிற்பார். பெரியபாளையம் பக்கத்திலிருந்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி. நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால், மற்றவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். உதவி என்றுதான் நினைத்தார்கள், எனக்கோ உடம்பெல்லாம் எரியும். அக்கா மட்டும் எடுத்துக் கொடுக்கவே மாட்டார். என் முகத்தைப் பார்த்தபடி, சொல் தானாக வரும்வரை காத்திருப்பார்.

அந்த அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களை பிரஸ் நசுக்கிவிட்டது.

கை உள்ளே போகாமல் இருக்க, பிரஸ்ஸின் இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும். ஒரு பட்டனில் அட்டையை மடித்துச் செருகி, டேப் ஒட்டி, நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கையாலேயே ஓட்டினால் வேலை வேகமாக நடக்கும். மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று காலை இயந்திரத்தைச் சோதிக்கும் தாளில் 'பட்டன் சரி' என்ற இடத்தில் டிக் போட்டது நான். டேப்பைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

மூன்றாம் நாள் தொழிற்சாலை ஆட்கள் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். மேனேஜர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். "ஒரு பக்கம்தாம்மா. அப்படியே படிச்சிடு" என்றார். தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. கவனக்குறைவு என்று ஆகிவிட்டால் அக்காவை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஒப்பந்த ஆளுக்கு அதுதான் விதி. அது தெரிந்தும், எனக்கு இருந்த பயமெல்லாம் திக்கிவிடக் கூடாதே என்பதுதான். இப்போது எழுதவே கூசுகிறது. பெண்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு முறை துஆவை ஓதினேன்.

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது பேச்சு. கை தட்டினார்கள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நான் அல்லாஹ்வுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி பேசினியாமே. திக்கவே இல்லியாமே! போன் பண்ணிச் சொன்னாங்கம்மா."

நான் தலையாட்டினேன்.

"நீ பேசப் போறன்னு காலையிலியே சொன்னாங்க. பாவம் பொண்ணு பயந்துக்கினு இருக்குமேன்னு பவானியம்மன்கிட்ட வேண்டிக்கினேன்."

என்ன பேசினேன் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. வாங்கிப்போன ஆப்பிளை வைத்துவிட்டுத் திருடியைப் போல வெளியே வந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் துஆவை ஓதும்போது கடைசி வரியில் நின்றுவிட்டேன். என் பேச்சு அவர்களுக்கு விளங்கட்டும். மூசா நபி அழகான பேச்சைக் கேட்கவில்லை. விளங்கினால் போதும் என்றுதான் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் ஓதியும் இது என் மண்டையில் ஏறவில்லை.

காலைக் கூட்டத்தில் எல்லாரும் நின்றார்கள். முதல் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"நேத்து படிச்சது பொய். டேப் ஒட்டியிருந்தது. டிக் போட்டது நா... நா... நா..."

அவ்வளவு மோசமாக நான் திக்கியதே இல்லை. மேனேஜர் என்னை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. "நான்தான்" என்று முடித்தேன். பின்வரிசையில் ஒருவர், "புரிஞ்சிதும்மா" என்றார்.

என் சூப்பர்வைசர் வேலை போனது, பேக்கிங்கில் போட்டார்கள். அத்தனை பேரும் கேட்டுவிட்டதால் விபத்து அறிக்கையிலிருந்து கவனக்குறைவு என்ற சொல்லை நீக்க வேண்டியதாயிற்று. நான்கு மாதம் கழித்து அக்காவும் பேக்கிங்குக்கே வந்தார். முதல் நாள், வலது கையில் மிஞ்சிய மூன்று விரல்களால் அட்டைப் பெட்டியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எல்லாருக்கும் சொன்ன. ஆஸ்பத்திரிக்கு வந்தியே, மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ம... ம..." என்று அங்கேயே நின்றது. அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் போலக் காத்திருந்தார்.