மரக்கடைத் தெருவில் முன்கூட்டியே நின்ற வண்டி

எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் தங்கையின் கணவருக்குரிய பக்கத்தைச் சென்ற ஆண்டு நான்கு மாதங்கள் தொடாமல் வைத்திருந்தேன். அவர் மேல் பலருக்குச் சந்தேகம் எழுந்திருந்தது. அந்தப் பலரில் நானும் ஒருவன். இப்போது எழுதுவதில் நான் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்தே சொல்லியிருக்கிறேன். பின்னால் படிக்கும் பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாப்பிள்ளை தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர். இருபத்தொன்பது வயதில் லாரியை விட்டு இறங்கி இந்த வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் வேறு எதையும் விரும்பி ஓட்டியதில்லை. நிலையத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். சங்கு ஊதாத நேரத்தில் அவர் வண்டியைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் வெளியேறும் வழி எது என்று பார்த்த பிறகே உட்காருவார். கதவானாலும் பாத்திரமானாலும் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியானாலும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் புறங்கை விலகிக்கொள்ளும், உள்ளங்கை பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடமாம்.

நிலையத்துக்குப் பின்னால் பணியாளர் குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அங்கே யார் வீட்டில் எந்தக் குழம்பு கொதிக்கிறது என்பதுகூட இரகசியமாக இராது. ஊரின் வாரத்தாளில் 'நிலையச் செய்தி' என்று ஒரு பக்கம் வரும்: எந்த வண்டி எங்கே போனது, எந்தக் கிணற்றிலிருந்து எந்தப் பூனை மீண்டது, யார் ஓய்வு பெறுகிறார் என்ற விவரங்கள். தன் கணவரைப் பற்றிய துண்டுகளைத் தங்கை கத்தரித்து எனக்கு அனுப்புவாள். நான் தேதியிட்டு ஒட்டுவேன்.

அந்தக் கோடையில் மரக்கடைத் தெருவின் பின்சந்தில், கழிவுத்துணி போட்டுவைக்கும் கிடங்குகளில் மூன்று தீவிபத்துகள் நேர்ந்தன. முதல் தீக்கு மாப்பிள்ளையின் வண்டி எட்டு நிமிடத்தில் போனது. இரண்டாவதற்கு மூன்று நிமிடம். மூன்றாவதற்கு இரண்டு. 'இரண்டே நிமிடம்!' என்று வாரத்தாள் மெச்சி எழுதியது. அடுத்த வாரம் அதே பக்கத்தின் கீழே 'ஒரு வாசகர்' எழுதிய கடிதம் வந்தது: 'நிலையத்திலிருந்து மரக்கடைத் தெரு எட்டு நிமிடத் தூரம். இரண்டு நிமிடத்தில் வந்த வண்டி எங்கிருந்து வந்தது?' அந்த வாசகர் யார் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆதாரம் இல்லாததால் இங்கே எழுதவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் எதிர்வீட்டு அம்மா தங்கையிடம் சொன்னாளாம்: "உங்க வீட்டுக்காரருக்கு மூக்குன்னா அதுதான் மூக்கு. புகை வர்றதுக்கு முன்னாடியே வாசனை புடிச்சுடறாரே!"

தங்கை பாதிக் குடத்தோடு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று மதியம் அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். மாலையில் துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்து, அதில் கண்டதை மேசைமேல் வைத்தாள். ஆணியால் துளைகள் போட்ட ஒரு பிஸ்கட் தகரம். உள்ளே பாதி கருகிய துணி, எண்ணெய் நாற்றம். கூடவே ஐந்து தேதிகள் எழுதிய ஒரு சீட்டு. முதல் மூன்றும் தீப்பிடித்த நாட்கள். அவற்றுக்கு நேரே கோடு போட்டிருந்தது. நான்காவது தேதி வருகிற வியாழக்கிழமை.

"அண்ணா, நீங்க எல்லார் எழுத்தும் பார்த்துப் பழகினவங்க. இது அவர் கையெழுத்துதானே?"

"அவர் எழுத்துதான்."

"அப்ப வியாழக்கிழமை எங்க பத்த வைக்கப் போறாரு?"

"அவசரப்படாதே. அவரையே கேட்டியா?"

"கேட்டேனே. 'வேலை விஷயம், உனக்கு எதுக்கு'ன்னு சொல்றாரு. கிணத்துல விழுந்த பூனை என்ன நிறம்னு கூட ஒண்ணுவிடாம சொன்ன மனுஷன் அண்ணா இவரு!"

அவள் அன்றிரவு திரும்பிப் போகவில்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கே நான் மரக்கடைத் தெருவுக்குப் போய்விட்டேன். சந்து முனையில் ஓர் இரும்புக்கடை. தாழ்ப்பாள் விலை கேட்பதுபோல் அங்கே நின்றுகொண்டேன். கடைக்காரர் ஒன்பது வகைத் தாழ்ப்பாள்களைக் காட்டி முடித்திருந்தார். பதினொன்றுக்கு அந்தச் சிவப்பு வண்டி, சங்கு இல்லாமல், எப்போதும்போல் ஆமை வேகத்தில் வந்து மரநிழலில் நின்றது. பக்கத்தில் ஒரு ஹைட்ரண்ட் இருந்தது. வண்டிக்குத் தண்ணீர் பிடிப்பதற்காகத் தெருவோரம் பொருத்தியிருக்கும் குழாய் அது. வண்டியிலிருந்த மூன்று வீரர்களும் இறங்கவே இல்லை; ஒருவர் இருக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை மட்டும் இறங்கினார். ஹைட்ரண்டின் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புக் கம்பி. சந்துக்குள் நடந்தார். பத்தடி விட்டு நானும் போனேன்.

கிடங்கு வாசலில் கழிவுத்துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் ஒரு மூட்டைக்குள் கம்பியைச் செருகினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். உருவி, புறங்கையால் தொட்டார். அடுத்த மூட்டை. மூன்றாவது மூட்டையில் உருவிய கம்பியைத் தொட்டதும் கையை உதறினார். அந்த மூட்டையைத் தரதரவென்று வெட்டவெளிக்கு இழுத்து வந்து காலால் உதைத்துப் பிரித்தார். உள்ளிருந்து புகை எழுந்தது.

அந்த நொடியில் என் மனம் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: கம்பியைச் செருகினான், புகை வந்தது. சந்தில் நின்ற சுமை தூக்கும் ஒருவருக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது.

"ஏய்! இங்க ஓடியாங்கய்யா! யூனிஃபார்ம் போட்டுக்கிட்டே பத்த வைக்கிறான்!" என்று கத்தியபடி அவர் கைப்பேசியில் படம் எடுத்தார்.

மாப்பிள்ளை திரும்பினார். கத்தியவரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் கண்டார்.

"மச்சான்? நீங்க எங்க இங்க?"

"தாழ்ப்பாள் வாங்கலாம்னு வந்தேன்."

"கையில ஒண்ணையும் காணோமே," என்றார். அதற்குமேல் பேசாமல் வண்டிக்குப் போய்க் குழாயை இழுத்து வந்து, அந்த மூட்டையை நனைத்தார்.

சனிக்கிழமை அந்தப் படம் வாரத்தாளில் வந்தது. திங்கட்கிழமை விசாரணைக்கு மேலதிகாரி வருவதாக உத்தரவும் வந்தது. ஞாயிறு காலை மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு நேரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். மரக்கடைத் தெருவில் ஒரு மெருகுப் பட்டறை இருக்கிறது. மேசை நாற்காலிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகளை அவர்கள் உலர்த்துவதில்லை. சுருட்டி மூட்டையில் திணித்துக் கிடங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடைந்து கிடக்கும் எண்ணெய்த்துணி சில மணி நேரத்தில் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். முதல் தீயன்றே இதை அவர் கண்டுகொண்டார். நிலைய அலுவலரிடமும் சொன்னார். 'தெரியும்யா. ஆனா மின்கசிவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. அறிக்கை மேல போயிடுச்சு' என்றாராம் அவர். எந்தெந்த நாளில் எண்ணெய்த்துணி கிடங்குக்குப் போகும் என்று பட்டறையின் மெருகுக்காரரிடம் கேட்டு வாங்கிய தேதிகள்தான் அந்தச் சீட்டு. தன் ஊகம் சரிதானா என்று பார்க்கத் துணியை அடைத்தது அந்தத் தகரம்.

"ரெண்டாவது, மூணாவது தடவை கிடங்கு பூட்டியிருந்துச்சு. வெளிய நிக்கத்தான் முடிஞ்சுது. இந்தத் தடவை மூட்டை வாசல்ல கிடந்துச்சு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் தங்கை.

"சொன்னா குழாயடிக்குப் போயிடும்னு பயந்தேன்."

"இப்ப மட்டும் போகலையா?"

தங்கை சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"சரி. தானா பத்திக்கும்னு சொல்றீங்கல்ல. நிலையத்து முற்றத்துல, எல்லார் கண்ணு முன்னாடியும் பத்தட்டும். நானும் பாக்கறேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. அங்க ஏன் போய் நின்னேன்னு அடுத்த கேள்வி வரும். வண்டியை இஷ்டத்துக்கு ஒரு தெருவுல நிறுத்தக் கூடாது. 'ஹைட்ரண்ட் சோதனை'ன்னு மூணு நாள் பதிவேட்டுல பொய் எழுதியிருக்கேன். ஸ்டியரிங் போயிடும்."

"ஸ்டியரிங் போனா போகுது. எரியாம போனா நான் போயிடுவேன்."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலதிகாரி தம் கையாலேயே துணிகளை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, துளையிட்ட புதுத் தகரத்தில் திணித்து மூடினார். முற்றத்தின் நடுவில் வைத்து, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார். குடியிருப்பே நிழலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் சுவர்க்கடிகாரத்தை அவ்வப்போது குறித்துக்கொண்டேன்.

பதினொன்று. ஒன்றுமில்லை. பன்னிரண்டு. ஒன்றுமில்லை.

"இந்த வெயிலுக்கு அதுல முட்டை வச்சிருந்தா இந்நேரம் வெந்திருக்கும்," என்றாள் எதிர்வீட்டு அம்மா.

"நிதானம் அண்ணே, உங்க நெருப்பும் உங்களை மாதிரியே வருது," என்றார் குழாய் பிடிக்கும் வீரர். "பத்தவே கூடாதுன்னு வேண்டிக்கற பொழப்பு நம்மளுது. இன்னிக்குப் பத்தணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நிலைய அலுவலரின் முகத்தைக் கவனித்தேன். நேரம் ஆக ஆக அது தெளிந்துகொண்டே வந்தது. ஒரு மணிக்குத் தங்கை எழுந்து போய்த் துணிப்பையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். அவள் அதைப் பற்றியிருந்த விதத்தை மாப்பிள்ளையும் பார்த்தார்.

ஒன்று நாற்பதுக்கு நாற்றம் வந்தது. பிறகு ஒரு துளையிலிருந்து நூல்போல் புகை. இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் மூடியின் விளிம்பில் தீ எட்டிப் பார்த்தது. பயிற்சி பெற்ற ஏழு தீயணைப்பு வீரர்கள் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் என் தங்கைதான்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் மேலதிகாரி. "நேரத்தை எழுதிக்கறேன். அப்புறம் ஊத்து."

தீ அணைந்தது. மேலதிகாரி நிலையப் பதிவேட்டை விரித்தார்.

"இது எரிஞ்சுது, ஒத்துக்கறேன். இந்த மூணு நாளும் 'ஹைட்ரண்ட் சோதனை'ன்னு இருக்கே?"

நிலைய அலுவலர் முந்திக்கொண்டார். "ஹைட்ரண்ட் பக்கத்துலதான் சார் வண்டி நின்னுச்சு. அப்படியே சோதிச்சும் பார்த்திருப்பாங்க."

அந்த உதவி யாருக்காக என்பது எனக்கு அப்போதே விளங்கியது. சோதனை என்று முடித்தால், தீ மூன்றையும் மின்கசிவு என்று எழுதிய தாள்களை யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை. மாப்பிள்ளைக்கும் அது வசதிதான். ஒரு 'ஆமாம்' போதும், வண்டி அவரிடமே இருக்கும். அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். வாளி இன்னும் அவள் கையில் இருந்தது.

"இல்ல சார். ஒரு குழாயைக்கூட நான் திறந்து பார்க்கல. சும்மா நின்னேன். எழுதினது பொய்."

எட்டே நாளில் உத்தரவு வந்தது. வண்டி ஓட்டும் பொறுப்பிலிருந்து நீக்கி, தொலைபேசி அறைக்கு மாற்றினார்கள். மூன்று அறிக்கைகளும் திருத்தத்துக்குத் திரும்பி வந்தன. நிலைய அலுவலருக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது, அவர் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். எண்ணெய்த்துணியைத் தண்ணீர் நிறைந்த மூடிபோட்ட தொட்டியில்தான் போடவேண்டும் என்று மெருகுப் பட்டறைக்கு எழுத்தில் கொடுத்தார்கள். வாரத்தாள் நான்கு வரியில் உண்மையை வெளியிட்டது, அதுவும் விளம்பரங்களுக்கு நடுவில்.

தங்கை விசாரணை நாள் மாலையே அவரோடு வீட்டுக்குப் போய்விட்டாள். தீ விஷயத்தில் அவளுக்கு இப்போது துளியும் ஐயமில்லை. ஆனால் அவர் வெளியே போய் வந்தால், எங்கே போனீர்கள் என்று அவள் கேட்காமலே தெருவின் பெயர், போன நேரம், திரும்பிய நேரம் மூன்றையும் வாசலிலேயே ஒப்பிக்கிறார். சென்ற வாரம் நான் அங்கே இருந்தபோது சவரக்கடைக்குப் போய் வந்து அப்படித்தான் சொன்னார். "சரி, உள்ள வாங்க," என்றாள். அவர் குளிக்கப் போனதும், பின்கழுத்தில் முடி வெட்டியிருக்கிறதா என்று தான் கவனித்ததை அவளாகவே என்னிடம் சொன்னாள்.

"வெட்டியிருந்துச்சு அண்ணா," என்றாள்.