மீற்றருக்கு வியர்த்த நாள்

சொன்னதைச் செய்துவிட்டு வாய் பொத்தி வரும் ஆள் நானில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒபிசில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் கொட்டாஞ்சேனைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள்.

தளபாடங்களுக்கு வார்னிஷ் ஸ்ப்ரே பண்ணும் வேலைத்தளம் அது. நேர் மேல்மாடியில் ஓர் அக்கா கைக்குழந்தையோடு குடியிருந்தார். வார்னிஷில் கலக்கும் தின்னரின் மணத்தால் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று மாதக்கணக்காக முறையிட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தின்னர் ஆவி காற்றில் எவ்வளவு என்று அளந்து சொல்வது என் வேலை. கூடுதலாக இருந்தால் ஸ்ப்ரே வேலையை நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் அக்காவின் முறைப்பாடு அத்தோடு சரி.

அன்று விட்டுவிட்டு மழை. ஆவியை அளக்கும் மீற்றர் பழுதாகக் கூடாதென்று வான் வண்டியில் ஏ.சி.யைக் கூட்டி வைத்துக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். வண்டியிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் ஈரம் படிந்தது. துடைத்துக்கொண்டு படியேறினேன். அக்காவின் அறைக்குள் கண் எரிந்தது. மீற்றர் மட்டும் ஒன்றுமே இல்லாததுபோல் மிகக் குறைவாகக் காட்டியது.

பின்னாலேயே ஏறி வந்த வேலைத்தள முதலாளி சிரித்தார்.

"பாத்தீங்களா மிஸ்? நான் சொன்னனான்தானே, ஒண்டும் இல்லையெண்டு."

அக்கா என்னைப் பார்த்தார். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீற்றருக்குள் சின்ன விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஒளி ஆவியில் பட்டால்தான் எண் ஏறும். என் கண்ணாடியில் படிந்த ஈரம், அதே ஏ.சி.யில் குளிர்ந்து வந்த அந்த விளக்கை மட்டும் விட்டுவைக்குமா? அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரைப் பையிலிருந்து எடுத்து மீற்றருக்குக் கொடுத்துப் பார்த்தேன். நூறு காட்ட வேண்டியது, பாதிகூட வரவில்லை.

ஒபிசுக்குப் போன் எடுத்து மேலதிகாரியிடம் சொன்னேன்.

"காட்டினதை எழுதிப்போட்டு வாரும் பிள்ளை. நுகேகொடையில இன்னொரு வேலை கிடக்கு."

"ஏலாது சேர். மீற்றர் காயும் வரைக்கும் இஞ்சதான் இருப்பன்."

விளக்கைத் துடைத்துவிட்டு அக்கா தந்த கதிரையில் உட்கார்ந்தேன். முதலாளி வாசலை விட்டு நகரவில்லை.

"மழைக்குக் குறைச்சுக் காட்டுமெண்டா, பிறகு கூட்டிக் காட்டுறதும் மழைதானே, மிஸ்?"

நியாயமான கேள்விதான். அதனால் மீற்றர் காய்ந்ததும் அவர் கண் முன்னாலேயே சிலிண்டரை மறுபடி திறந்தேன். சரியாக நூறு வந்தது. பிறகு அறைக் காற்றை அளந்தேன். முதலில் காட்டியதைப்போல் மூன்று மடங்கு; வேலையை நிறுத்தச் சொல்லும் அளவைத் தாண்டியிருந்தது.

"ஈரக் காத்தில இது காய்ஞ்ச பிறகும் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது," என்றேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார். ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டும் என்று அங்கேயே இருந்து எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ஒபிசுக்குத் திரும்பியபோது மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஒரு அளவெடுக்க ஒரு பின்னேரம் முழுக்க ஆர் இருக்கிறது?"

"அவ பச்சைப்பிள்ளையோட மாசக்கணக்கா அந்த மணத்துக்குள்ள இருந்தவ, சேர். நான் ஒரு பின்னேரம் இருந்தா என்ன?"