நான்காவது டிராக்கில் நாயனம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது வயர் சுருட்டும் வேலை. பொங்கல் விடுமுறை முடிந்து நான் சென்னைக்குக் கிளம்பும் நாள். கோச்சடை வீட்டு மொட்டை மாடியில் இருபத்திரண்டு மைக் வயர்கள் கிடந்தன. ஒரு சுற்றை ஒரு பக்கமும் அடுத்த சுற்றை மறுபக்கமும் திருப்பிச் சுருட்டினால்தான் அடுத்த முறை சிக்கில்லாமல் விரியும்.

"என்ன ரோகிணி, முறுக்கு சுத்துறியா?"

"நீங்க ஏழு முடிச்சிருக்கீங்க. நான் பத்து."

"ஆமா, மெட்ராஸ் கம்பெனி ஸ்பீடு. பிரிக்கிறப்பல்ல தெரியும் உன் லட்சணம்."

அவர் பெயர் சோலை. வயது ஐம்பத்தொன்பது. ஐ.டி.ஐ. படித்து, மைக்செட் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கச்சேரிகளைப் பதிவு செய்யத் தொடங்கியவர். கேசட்டில் ஆரம்பித்து லேப்டாப்புக்கு வந்தார். மேடையில் பதினாறு மைக் இருந்தால் கணினியில் பதினாறு டிராக். தவில் தனி, பம்பை தனி, நாயனம் தனி. பிற்பாடு எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பது அவர் கையில்.

ஒரு முறை கல்யாணக் கச்சேரியில் கரண்ட் போய், நாற்பது நிமிடப் பதிவு திறக்கவே இல்லை. அதன்பிறகு அவர் யு.பி.எஸ். இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. கச்சேரி நாளில் லேப்டாப்பில் இன்டர்நெட்டை அணைத்துவிடுவார். ஜனங்கள் வருவதற்கு முன் பத்து நிமிடம் பதிந்து, நிறுத்தி, கேட்டுப் பார்ப்பார். மறுநாள் இரண்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் கேட்பார். அதற்குப் பிறகே லேப்டாப்பைக் காலி செய்வார். ஒரு டிஸ்க் வீட்டில் இருக்கும். இன்னொன்றை ஸ்கூட்டரில் பழங்காநத்தம் கொண்டுபோய், நண்பர் விருமாண்டியின் பாத்திரக்கடை அலமாரியில் வைத்துவிட்டு வருவார். வீடு எரிந்தாலும் கச்சேரி எரியாது என்பது அவர் கணக்கு.

எனக்கு அது வீண் அலைச்சலாகத் தெரிந்தது. தகவல் சேமிப்புதான் என் வேலை. வயர் சுருட்டிய அன்று மதியம் இரண்டு புது டிஸ்க்குகளை லேப்டாப்பில் மாட்டி, சின்ன நிரல் ஒன்றை எழுதிப் போட்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு அது ஓடும். லேப்டாப்பில் கச்சேரி ஃபோல்டர் எப்படி இருக்கிறதோ, இரண்டு டிஸ்க்கும் அச்சு அசல் அப்படியே ஆகிவிடும்.

"இனிமே பழங்காநத்தம் அலைய வேணாம்ப்பா."

"விருமாண்டி டீ போச்சே," என்றார். ஆனால் கேட்டுக்கொண்டார். மகள் எழுதியது.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நிரலை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஃபோல்டர் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை.

புது டிஸ்க்குகளில் ஏறிய முதல் கச்சேரி, மாசி மாதம் சமயநல்லூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் மொக்கைச்சாமி வாசித்தது. சமயநல்லூர்க்காரர், நையாண்டி மேளத்தில் நாயனம் ஊதுபவர். அறுபத்தெட்டு வயது. நுரையீரல் கெட்டுப்போய், இனிமேல் ஊதக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு முறை என்று குடும்பத்தைக் கெஞ்சி மேடையேறினார். அப்பாவிடம் அவர் கேட்டதை அப்பா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"மாப்ள, அம்பது வருசமா இந்தத் தவில்காரய்ங்க என் காதுக்குள்ளயே அடிச்சாய்ங்க. நான் என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. சாகுறதுக்குள்ள என் நாயனத்த மட்டும் தனியாக் கேக்கணும்."

"அம்புட்டுத்தானண்ணே? நாலாவது டிராக்குல நீங்க மட்டுந்தான் இருப்பீங்க. நானே வீட்டுக்குக் கொண்டாறேன்."

வெள்ளிக்கிழமை ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் வாசித்தார். சனிக்கிழமை காலை இரண்டு டிஸ்க்கிலும் நகல் ஏறியது. அப்பா பதினாறு டிராக்கையும் கேட்டார். திங்கள், செவ்வாய் வேறோர் ஊரில் விழா. இடம் வேண்டும். எப்போதும் செய்வதுபோல் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் காலி செய்தார். திங்கள் காலை ஆறு மணிக்கு என் நிரல் ஓடியது. ஃபோல்டரைக் காலியாகக் கண்டது. இரண்டு டிஸ்க்குகளையும் காலியாக்கியது.

இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வியாழக்கிழமை அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது அப்பா அழைத்தார். வெளியே வந்து எடுத்தேன்.

"அம்மாடி, உன் புரோகிராம் அழிச்சத வேற எங்கயாச்சும் எடுத்து வச்சிருக்குமா?"

"அதெல்லாம் வைக்காதுப்பா. ஏன்?"

"சும்மா கேட்டேன். சாப்பிட்டியா?"

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா."

"சரி சரி, போ."

சனிக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு எரிகிறது என்று அம்மாவிடம் சொன்னார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் மொக்கைச்சாமி துக்கம் கேட்க வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பேச நேரமாயிற்று.

"மாப்ள ஞாயித்துக்கெழம வாரேன்னு போன் போட்டாரு தாயி. காலையிலேயே சட்டை மாத்தி உக்காந்திருந்தேன். அப்புறந்தான் சேதி வந்துச்சு. அதக் கேக்க வரல, தப்பா நெனச்சுக்காத."

"இருக்கும் பெரியப்பா. நான் எடுத்துத் தாரேன்."

"அவசரமில்ல தாயி. நான் எங்க போகப் போறேன்." சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது.

அவர் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். டிஸ்க்கில் கச்சேரி இல்லை. என் நிரல் தினமும் எழுதி வைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். திங்கள், ஆறு மணி. நீக்கப்பட்டவை பதினாறு. இரண்டாவது டிஸ்க், நீக்கப்பட்டவை பதினாறு. பிழை ஏதுமில்லை.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றை அப்பா இறக்கியிருந்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் லேப்டாப்பிலும் இரண்டு டிஸ்க்குகளிலும் ஓட்டியிருக்கிறார். நானும் ஓட்டினேன். தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். புது டிஸ்க்குகள் என்பதால், காலியான அதே இடத்தில்தான் அடுத்த விழாவின் பன்னிரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்திருந்தது. தவில் பதினோரு நிமிடம் கிடைத்தது. பம்பை நான்கு நிமிடம். நாயனம் ஒரு நொடி கூட இல்லை. ஊர்க்காரர்களின் போனில் மூன்று வீடியோத் துண்டுகள் இருந்தன. மூன்றிலும் வெடிச் சத்தம்.

விருமாண்டி மாமா கடையின் அலமாரியில் அடுத்த டிஸ்க்குக்கென்று ஒதுக்கிய தட்டு காலியாகவே இருக்கிறதாம். பாத்திரம் எதையும் அங்கே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்பா என்மேல் கோபப்பட்டாரா என்று அம்மாவிடம் கேட்டேன். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் டிஸ்க் மக்கர் பண்ணுகிறது என்று மட்டும் சொன்னார் என்றாள். அதை நெஞ்சு எரிச்சலோடு முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இருந்தும் தோன்றுகிறது.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தது. எழுதிய கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு நான்கு வரிகள்:

"ஞாயிறு, சமயநல்லூர். அழிந்துவிட்டது என்று அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும். என் கை தவறி அழிந்தது என்று சொல்ல வேண்டும். ரோகிணி பெயர் வரக்கூடாது."

அந்த ஞாயிறு போய் ஆறு ஞாயிறு ஆகிவிட்டது. மொக்கைச்சாமி இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. சமயநல்லூருக்கு இன்னும் யாரும் போகவில்லை.